யானைகள் விலகிய பாதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் தில்லைநகரில் பரக்கத் அலியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. என் லேப்டாப் படுத்துவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் புர்கா அணிந்த ஒரு பெண்மணி. கையில் கட்டைப்பை, பைக்குள் முருங்கைக்கீரை, கீரைக்குக் கீழே ஒரு பழைய லேப்டாப்.

"போட்டோ, வீடியோ எல்லாம் போனாலும் போகட்டும் தம்பி. அந்த ராஜா கேம் மட்டும் அழியக் கூடாது."

"பிள்ளைங்க விளையாடுறதாம்மா?"

"இல்லங்க, என்னோடது."

பரக்கத் அலி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்துத் திரை வெளிச்சமானது. ஒரு தேசத்தின் வரைபடம், குறுக்கே ஒரு ஆறு, ஆற்றுக்கு அப்பால் மலைக் கணவாய். கணவாயை அடைத்துக்கொண்டு போர்யானைகள். யானைகளின் காலடியில், கையில் ஆயுதமில்லாத ஒரு சின்ன உருவம் நின்றுகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர்: அக்கா.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. அதை இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் இங்கேயே எழுந்து போய்விடுவீர்கள். ஐந்தாம் பகுதிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

பேரரசி ஆரிஃபா தன் அரியணையில் சாய்ந்தபடி —

(வேண்டாம். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, ஒரு கையால் பூண்டு உரித்துக்கொண்டே ஆடுகிறவளுக்கு அரியணை எதற்கு?)

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவது போல அக்காவும் தம்பியும் —

(எழுதிய கையோடு எனக்கே கூசியது. திருச்சியில் யாராவது இரண்டு பேர் பிரிந்தால் உடனே முக்கொம்புக்கு ஓடுவது எங்கள் ஊர் எழுத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி.)

ஆரிஃபாவும் கலீமும் அக்கா தம்பி. பேச்சுவார்த்தை கிடையாது. போர் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது.

இது இருக்கட்டும்.*

* பெயர்கள் நான் வைத்தவை. கடையில் 'பெண்மணி' என்று மரியாதையாகச் சொன்னேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' என்கிறேன். உள்ளே வந்து உட்கார்ந்தவரிடம் எடுத்துக்கொள்கிற உரிமை, அவ்வளவுதான்.

3

கலீம் ஷார்ஜாவுக்குப் போன புதிதில் அக்காவின் லேப்டாப்பில் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். ஆளுக்கொரு ராஜ்யம். ஊர் அமைக்கலாம், வயல் வைக்கலாம், வணிகம் செய்யலாம், முட்டிக்கொள்ளவும் செய்யலாம். இவள் தன் ஆட்டத்தை முடித்துப் பட்டனை அழுத்தினால் டர்ன் அவனுக்குப் போகும். அவனுக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது ஆடி அனுப்புவான். மூன்றாவதாக வடக்கே ஒரு ராஜா உண்டு. அவனைக் கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும். அவனுக்கு நிலம் பிடிப்பதைத் தவிர வேறு சிந்தனை கிடையாது.

அக்கா தன் ஊர்களுக்கு உறையூர், லால்குடி என்று பெயர் வைத்தாள். தம்பி தன் தலைநகருக்கு மலைக்கோட்டை என்று வைத்தான். கணவாய்க்கு அந்தப் பக்கம் அவன் முதன்முதலில் கட்டிய ஊருக்குப் பாலக்கரை. இரண்டு பேரும் பிறந்து, ஒரே பாயில் உருண்டு வளர்ந்தது அங்கேதான், நிஜப் பாலக்கரையில்.

பிறகு கலீமின் மகள் ஜெஸிமாவுக்கு நிக்காஹ் வந்தது. கொஞ்ச நாள் லீவில் குடும்பத்தோடு வந்தவன் ஊரெல்லாம் வீடு வீடாக ஏறிப் பத்திரிகை வைத்தான். அக்கா வீட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பத்திரிகையைப் போட்டோவாக அனுப்பிவிட்டு, 'முன்னாடியே வந்துடுக்கா, வேலை கிடக்கு' என்று எழுதியிருந்தான். அக்கா வீடு தன் வீடு. தன் வீட்டுக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா? அவன் கணக்கு அதுதான். அதில் கள்ளம் இல்லை.

ஆரிஃபாவின் கணவர் நஸ்ருல்லாவுக்கு வேறு கணக்கு. பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்து நாலு பேர் மதிக்க இருக்கிறவர்.

"நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. வாசல் ஏறி வந்து கூப்பிடணும். எனக்குப் போன்ல படம் அனுப்புறானா?"

போகவில்லை. நிக்காஹ் முடிந்த அன்று கலீம் போன் செய்தான்.

"கூப்பிட்டாத்தான் வருவியாக்கா?"

"கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் ஆரிஃபா.

அதோடு போன் நின்றது. மறுநாள் திரையில் செய்தி வந்தது: உங்கள் மீது போர் அறிவிக்கப்பட்டது.

எனக்கு இந்த இடம் பிடிக்கும். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவன் விளையாட்டையும் நிறுத்தியிருக்கலாம் இல்லையா? நிறுத்தவில்லை. திட்டுவதற்காவது ஒரு வழி வேண்டும் என்று திறந்து வைத்திருந்தான்.

4

இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகம் வந்தது, நஸ்ருல்லாவின் மேல். கதையில் ஒரு முசுடு இருந்தால் எழுதுகிறவனுக்குச் சுலபம். பழி போட ஆள் கிடைக்கிறது. நஸ்ருல்லா மீசையை முறுக்கியபடி —

(அவருக்கு மீசை கிடையாது. தாடிதான். சும்மா முறுக்கவிட்டேன்.)

அவரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு விளையாட்டுக்குள் இருக்கிற அமைச்சரைப் பார்ப்போம். ஒவ்வொரு டர்னிலும் திரையின் ஓரத்தில் வெள்ளைத் தாடியோடு எட்டிப் பார்த்து இங்கிலீஷில் யோசனை சொல்வார். நான் தமிழில் தருகிறேன்: "அரசியே, எதிரியின் எல்லையில் காவல் குறைவு. தாக்க இதுவே தருணம்." ஆரிஃபா அவரை வஜீர் என்பாள். "நீங்க சும்மா இருங்க வஜீரே," என்று பூண்டுத் தோலை ஊதுவாள்.

இப்போது அவள் மகள் ஷஹனாஸுக்கு நிக்காஹ் குறித்தாயிற்று. பாலக்கரையிலேயே மண்டபம். பத்திரிகை அடித்து வந்தது. கட்டில்மேல் பத்திரிகைக் கட்டைப் பிரித்துக்கொண்டே ஆரிஃபா மெல்லக் கேட்டாள்.

"என்னங்க, கலீமுக்கு?"

"அவன் நமக்கு எப்படி அனுப்புனான்? போன்லதானே. நீயும் போன்லயே அனுப்பு."

"தாய்மாமனுக்குங்க."

"அதனாலதான் அனுப்பச் சொல்றேன். இல்லன்னா அதுவும் கிடையாது."

அவள் அனுப்பவில்லை. போனில் அனுப்பினால் அது அழைப்பு ஆகாது, பதிலடி ஆகும். இது அவளுக்குத் தெரியும். நேரில் போகலாம் என்றால் பாஸ்போர்ட் கிடையாது. அவள் கண்ட வெளியூரெல்லாம் நாகூரும் சென்னையும்தான். தாய்மாமன் இல்லாமல் மகள் நிக்காஹ் நடந்துவிட்டால் அதற்கப்புறம் எதைச் சொல்லி ஒட்ட வைப்பது? இனி ஒரு கல்யாணம் இந்த இரண்டு வீட்டிலும் இல்லை.

அந்த மதியம், ளுஹர் தொழுதுவிட்டு வந்து ஆட்டத்தைத் திறந்தவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள்.

அந்த விளையாட்டில் எதிரி ராஜாவோடு பேச இரண்டு வழி. ஒன்று, பட்டனை அழுத்தினால் உடனே ஓலை போய்விடும். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். இன்னொன்று, தூதர். அவர் தன் காலால் வரைபடத்தைக் கடந்து நடக்க வேண்டும். டர்னுக்குக் கொஞ்ச தூரம். வழியில் எந்தப் படையும் அவரை வெட்டலாம். இப்படி ஒன்று இருப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

ஆரிஃபா உறையூரில் ஒரு தூதரை உருவாக்கினாள். பெயர் வைக்கச் சொன்ன பெட்டியில் 'அக்கா' என்று அடித்தாள்.

வஜீர் எட்டிப் பார்த்தார். "அரசியே, போர்க்காலத்தில் காவலின்றித் தூதரை அனுப்புவது அறிவீனம். ஓலை அனுப்பலாமே?"

"கல்யாணத்துக்கு ஓலை அனுப்பக் கூடாது வஜீரே. வீடு ஏறிப் போய்க் கூப்பிடணும்," என்றாள் ஆரிஃபா.

இதை எழுதியபோது என் கை நின்றுவிட்டது. இவளை நான் உண்டாக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது தோன்றியிருக்காது. போக முடிந்த ஒரே நாட்டுக்குள் அவள் நடந்தே கிளம்பிவிட்டாள்.

5

அக்கா நடந்தாள். தன் வயல்களைத் தாண்டினாள். தானே எழுப்பிய மதிலின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். தம்பியின் வில்லாளிகள் மேட்டில் நின்றார்கள். அவள் டர்னை அனுப்பினாள். மறுநாள் திரும்பி வந்தபோது வில்லாளிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒரு அம்புகூட வரவில்லை.

ஆற்றங்கரையில் நடை தடைப்பட்டது. தூதருக்கு நீந்தத் தெரியாது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரு இது, தனியா நிக்கிறது?"

நஸ்ருல்லா. சாப்பிட வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப்போன கையோடு நின்றிருந்தார்.

"நான்தாங்க."

"எங்க போற?"

"கலீம் வீட்டுக்கு. பத்திரிகை வைக்க."

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். (இங்கே அவர் கண் கலங்குவதாக எழுதி அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.) சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"ஆறு குறுக்கால கிடக்கே. படகு கிடகு ஒண்ணும் இல்லியா?"

"லால்குடியில ஒண்ணு நிக்குது. உள்ள சரக்கு இருக்கு."

"சரக்கைக் கொட்டு. வியாபாரம் அப்புறம் பாத்துக்கலாம். ஆளை ஏத்து."

வஜீர் ஓரத்தில் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் பேச்சை இனி யார் கேட்கிறார்கள்!

ஆற்றைத் தாண்டினால் கணவாய். கணவாயில் யானைகள். யானைகளை நகர்த்தாமல் மலைக்கோட்டைக்கு வழி கிடையாது. கலீம் அவற்றை அங்கே நிறுத்தியிருப்பதும் அக்காவுக்காக அல்ல. அந்தப் பக்கம் பாலக்கரை இருக்கிறது. யானை நகர்ந்தால் வடக்கு ராஜா இறங்கிவிடுவான். இது ஆரிஃபாவுக்கும் தெரியும். யானைகளின் காலடியில் போய் நின்றாள். டர்னை அனுப்பினாள். அன்று சாயங்காலம் சமையல்மேடையிலிருந்து லேப்டாப் கீழே விழுந்தது.

இப்போது பரக்கத் அலி கடைக்குத் திரும்புகிறோம். இனிமேல் வருவது நான் புனைந்தது இல்லை. என் கண்ணால் பார்த்தது.

பரக்கத் அலி கடையின் வைஃபையைப் போட்டுக் கொடுத்தார். வழியில் காத்துக் கிடந்த டர்ன் உள்ளே வந்தது. திரையில் முதல் யானை அசைந்தது. மெல்லத் திரும்பி இடது பக்கம் ஒதுங்கியது. அடுத்தது வலது பக்கம். அதற்கடுத்தது இடது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அவ்வளவு பெரிய சேனையும் இரண்டாகப் பிரிந்து மலையோரமாக நின்றது. நடுவில் நீளமாக ஒரு பாதை. பாதையின் இந்த முனையில், தலைக்கு மேலே பெயரோடு, அந்தச் சின்ன உருவம்.

சித்திரை வீதியில் தேருக்குக் கூட்டம் விலகுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவன் நான். எனக்கு அன்று மயிர்க்கால் சிலிர்த்துவிட்டது. கையகலத் திரையில் பொம்மை யானைகள் நகர்ந்ததற்கு ஒரு மனிதன் இப்படி வாயைப் பிளப்பானா? பிளந்தேன். பரக்கத் அலியின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

யானைகள் விலகி முடித்ததும் வடக்கிலிருந்து குதிரைகள் இறங்கின. ஒரு செய்தி வந்தது: பாலக்கரை வீழ்ந்தது.

"பாலக்கரையா? நம்ம பாலக்கரையாம்மா?" என்றார் பரக்கத் அலி.

"என் தம்பி கட்டினது," என்றார் அந்த அம்மா. "எனக்கு வழி விடுறதுக்காக விட்டுட்டான்." அவ்வளவுதான் சொன்னார். புர்காவின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு லேப்டாப்பைக் கீரைக்குக் கீழே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். அவரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

6

முடிவுகள்:

(அ) நிக்காஹ் அன்று காலை மண்டப வாசலில் டாக்ஸி வந்து நிற்கிறது. பெட்டியோடு கலீம் இறங்குகிறான். நஸ்ருல்லா ஓடிப்போய், "வாங்க மச்சான்" என்று —

(டாக்ஸி வந்தால் எந்தக் கதையும் முடிந்துவிடும். அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

(ஆ) கலீம் தூதரை ஏற்கிறான். ஆனால் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நிக்காஹ்வை லேப்டாப்பில் பார்க்கிறான், அதே லேப்டாப்பில். (இது கொஞ்சம் நிஜம் போல இருக்கிறது. அதனால் பிடிக்கவில்லை.)

(இ) யானைகள் விலகியது அக்காவுக்காகவே இல்லை. வடக்கே வேறு ஏதோ திட்டம். (இதை எழுதியதற்காக ஆரிஃபாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.)

மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதை எழுதினாலும் ஸ்ரீரங்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்தபடி உங்களுக்குப் போனில் ஒரு முடிவை அனுப்பிவைத்தது போலத்தான் ஆகும். கலீம் செய்த தப்பும் அதுதானே. அந்த அம்மா அவ்வளவு தூரம் நடந்த பிறகு அதை நான் செய்வதாக இல்லை.

7

ஆகவே என் மனக்கண்ணுக்குத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா கணவாயைத் தாண்டி, யானைகளுக்கு நடுவே நடந்து, மலைக்கோட்டையின் கதவுக்கு வந்துவிட்டாள். ஆரிஃபா பட்டனை அழுத்திவிட்டாள். ஷஹனாஸுக்கு மருதாணி அரைக்க ஆள் வந்திருக்கிறது. கடையிலிருந்து நஸ்ருல்லா இன்று இரண்டாவது முறையாகப் போன் செய்கிறார்.

"டர்ன் வந்துச்சா?"

"இன்னும் இல்லங்க."

"வரும். வச்சிரு. மாமாவுக்குன்னு மேடையில ஒரு சேர் சொல்லிருக்கேன்."

இனி நீங்கள் ஷார்ஜாவுக்கு வாருங்கள். மதியச் சாப்பாட்டு நேரம். கலீமின் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். எதிரே திரை. நீங்கள் ஆசையாகக் கட்டிய ஊர் வடக்கு ராஜாவின் கையில் இருக்கிறது. உங்கள் அமைச்சர் ஓரத்தில் எட்டிப் பார்த்து, "அரசே, எதிரியின் தூதர். சிறைப்பிடிக்க இதுவே தருணம்," என்கிறார். கீழே இரண்டு பட்டன்கள்: உள்ளே அழைக்கவும். திருப்பி அனுப்பவும்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

வாசலில் அக்கா நிற்கிறாள்.