நாகலாபுரத்துக் கேள்வி

நான் டுடோரியல் காலேஜில் ஆங்கிலம் நடத்துகிறவன். மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. 1981 புரட்டாசியில் ராஜமணி அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். கோவில்பட்டியில் அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. சேவைச் சங்கம் ஒன்றுக்கும் அவரே செயலாளர்.

"ஐதராபாத்திலருந்து ஒரு டாக்டரு வாராரு தம்பி. நாலு நாளு சுகாதாரச் சொற்பொழிவு. கயத்தாறு, ஓட்டப்பிடாரம், நாகலாபுரம், கடைசியா நம்ம ஊர்ல கருத்தரங்கு. அவருக்குத் தமிழ் வராது. நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லணும்."

"எனக்கு மருத்துவம் தெரியாதே அண்ணாச்சி."

"மருத்துவம் அவருக்குத் தெரியும். இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். போதாதா? வீட்டுல உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு என்ன செய்யப் போறிய?"

சுவரைப் பார்த்து உட்காரக்கூட முடியவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. என் மனைவி முத்துமாரி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. வகுப்பு முடிந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை நடப்பேன். திரும்ப நடப்பேன். சாப்பாடு நின்றபடிதான். நான்கு நாள் ஜீப்பில் சுற்றலாம் என்றதும் சரி என்றேன்.

டாக்டர் நந்தகோபால் குட்டையானவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். கயத்தாற்றில் மேடைக்குப் பின்னால் துணி கட்டியிருந்தார்கள்: 'இரண்டாயிரமாவது ஆண்டுக்குள் அனைவருக்கும் நல்வாழ்வு'. முன்னால் இருந்த ஒரு லாரி டிரைவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ரெண்டாயிரமா? அதுக்கு இன்னும் பத்தொம்பது வருசம் கெடக்கே. அதுவரைக்கும் சாகாம இருக்கதுக்கு என்ன வழி?"

டாக்டரிடம் சொன்னேன். "அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்" என்று சிரித்தார்.

முதல் அரை மணி நேரம் அரசாங்கக் கொள்கை. எத்தனை பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்க வேண்டும், ஏன் இல்லை, ஊருணிக்குள் மாடு இறங்காமல் வேலி போடுவது யார் பொறுப்பு. வேலை சுலபமாக இருந்தது. அவர் வாக்கியம் காது வழியாக வந்து வாய் வழியாகப் போனது. நடுவில் நான் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு மண்குடத்தை மேசைமேல் வைத்தார். அடியில் ஓட்டை. தண்ணீர் ஒழுகி மேடையில் ஓடியது. ஒழுக ஒழுக மேலே இன்னொரு செம்பால் ஊற்றிக்கொண்டே பேசினார். நான் தமிழில் சொன்னேன்:

"பேதி ஆளைக் கொல்வதில்லை. உடம்பிலிருந்து போகிற தண்ணீரை நாம் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதுதான் கொல்கிறது. பேதி வந்தவருக்குத் தண்ணீரை நிறுத்துகிறவர்கள் தெரியாமல் கொலை செய்கிறார்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்குக் கேட்டது.

போன ஐப்பசியில் முத்துமாரி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நாகலாபுரத்திலிருந்து மூன்று மைலில் அந்த ஊர். விதைப்புக்கு ஆள் போதாது என்று அவள் அம்மா சங்கரம்மாள் கூப்பிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மழை பெய்து ஊருணி புதிதாக நிறைந்திருந்தது. திங்கள்கிழமை விடியும்போது அவளுக்குப் பேதி, வாந்தி. ஒன்பது மணிக்கு ஊசி போடும் கம்பவுண்டர் ஒருவர் வந்தார். "வயிறு காயணும். பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அவர் சொன்னதை நான் நடத்தினேன். தண்ணீர்ப் பானையைத் தூக்கி மாட்டுத் தொழுவில் வைத்தேன். முத்துமாரி கேட்டாள். முதலில் வாயால், பிறகு கையால். "கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கரிசல் சேற்றில் பஸ் வரவில்லை. இரண்டு மணிக்கு மாட்டுவண்டி தேடிப் போனேன். நான்கு மணிக்கு வண்டியோடு வந்தபோது அவள் ரவிக்கை நனைந்திருந்தது. பக்கத்தில் காலிச் செம்பு. அத்தை அதை ஒளிக்கவில்லை.

"நாக்கு ஒட்டிக்கிட்டுன்னு அழுதா. மனசு கேக்கல" என்றாள்.

வாசல் நிறைய ஆட்கள். நான் கத்தினேன். "தண்ணியக் கொடுத்து உங்க மகளக் கொன்னுட்டியளே!"

அப்போது முத்துமாரிக்கு உயிர் இருந்தது. வண்டி ரோட்டைத் தொடுவதற்குள் போய்விட்டாள்.

நான் கத்தியது ஊரில் தங்கிவிட்டது. பெற்ற மகளைத் தண்ணீர் கொடுத்துக் கொன்றவள் என்று அத்தைக்குப் பெயர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த வீட்டுக்குள் அவளை விடுவதில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. "நீங்க சொன்ன பேச்சக் கேட்டிருக்கலாம் மருமவனே" என்பாள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

கயத்தாற்றிலிருந்து திரும்பும்போது ஜீப்பில் டாக்டரிடம் கேட்டேன். "பேதியில் கிடக்கிறவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால் செத்துப்போவாரா?"

"ஒரு செம்பா? அது எந்த மூலைக்கு? பத்துச் செம்பு வேண்டும், உப்பும் சர்க்கரையும் போட்டு. ஆனால் அந்த ஒரு செம்பைக் கொடுத்தவர்தான் அந்த வீட்டில் சரியாக நடந்துகொண்டவர். ஏன் கேட்கிறீர்கள்?"

"கூட்டத்தில் கேட்பார்கள்" என்றேன்.

மறுநாள் ஓட்டப்பிடாரம். அதே குடம், அதே வாக்கியம். சொன்னேன். உப்பு எவ்வளவு என்று ஒரு பெண் கேட்டாள். கண்ணீரைவிடக் கரிப்பு கூடக்கூடாது என்றார் டாக்டர்.

"கண்ணீரு ருசி எங்களுக்கு நல்லாத் தெரியும். மாமியா உபயம்!" என்றது ஒரு குரல். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது. டாக்டரும் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். நான் மேடையை விட்டு இறங்கி மைதானத்தைச் சுற்றி நடந்தேன். நாளைக்கு நாகலாபுரம்.

காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், காய்ச்சல் மாதிரி இருக்கிறது, வரமுடியாது என்றேன்.

"டாக்டரு கூடத்தான போறிய? காட்டிக்கிட்டாப் போச்சு" என்று என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணும் சுடலையே. மைக்கு வண்டி உங்க அத்தை ஊருக்கும் போயிருக்கு. மருமகன் மேடையில நின்னு பேசுததப் பாத்து அவியளும் சந்தோசப்படட்டும்."

நாகலாபுரத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கூட்டம். வெக்கை. வாசலில் சில பெண்கள் தெலுங்கில் பேசுவதைக் கேட்டு டாக்டர் உற்சாகமாகி அவரும் தெலுங்கில் ஆரம்பித்தார். அவர் தெலுங்கிலேயே பேசினால் நான் ஓர் ஓரமாகப் போய்விடலாம். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இவரு சினிமாத் தெலுங்குல்லா பேசுதாரு. நீங்க தமிழ்லயே சொல்லுங்க சார்."

அத்தை மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்காரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள்.

டாக்டர் குடத்தை எடுத்தார். ஊற்றினார். அந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் மைக்கில், "குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறார்" என்றேன்.

அடுத்த வாக்கியம். "கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும்."

அடுத்ததற்கு, "ஊருணியில் கால் கழுவக் கூடாது."

அவர் கை ஒன்று செய்தது, என் வாய் வேறொன்று சொன்னது. டாக்டர் என்னைப் பார்த்தார். "எல்லாம் சொல்லிவிட்டீர்களா?"

"சொல்லிவிட்டேன்."

கேள்வி நேரம் வந்தது. பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். அத்தை ஊர்க்காரர், கொம்பையா. பருத்திக்காடு நிறைய உள்ளவர். எழுந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

"ஒரு சந்தேகம். அவரு பாட்டுக்கு ஓட்டக்கொடத்துல தண்ணிய ஊத்துதாரு. அது என்னத்துக்குன்னு நீங்க சொல்லவே இல்லயே. பேதிக்காரனுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லுதாரா, வேண்டாங்காரா? ஏன் கேக்கேன்னா, எங்க ஊர்ல ஒரு பொண்ணு தண்ணி குடிச்சுத்தான் செத்தா. குடுத்த ஆத்தாகாரி இந்தா உக்காந்திருக்கா."

"ஏ, சும்மா இரும். மருமவன் மேடையில நிக்காரு" என்றாள் ஒரு கிழவி.

"நிக்கட்டும். அவருதான அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னாரு? நானா சொன்னேன்? இப்பமும் எங்க தெருவுல ரெண்டு வீட்டுல பேதி. நேத்துலருந்து ஒரு சொட்டுக் குடுக்காமக் கட்டிக் காத்துக்கிட்டு இருக்கோம். சரிதானான்னு கேட்டுச் சொல்லும்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ சிரித்தார்கள்.

கேள்வியை மாற்றிச் சொல்லியிருக்கலாம். டாக்டருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வீடு என்று கொம்பையா சொல்லிவிட்டார். கேட்டது கேட்டபடி ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. செம்பைக் கீழே வைத்துவிட்டு வேகமாகப் பேசினார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"அந்தப் பொண்ணு தண்ணி குடிச்சுச் சாகல. தண்ணி இல்லாமச் செத்தா. குடுத்த ஆத்தா செஞ்சது சரி. நிறுத்தச் சொன்னவங்க செஞ்சதுதான் தப்பு. அந்த ரெண்டு வீட்டுக்கும் இப்பமே ஆளனுப்பித் தண்ணி குடுக்கச் சொல்லுதாரு. கொதிச்சு ஆறின தண்ணி. இல்லன்னா கஞ்சித்தண்ணியில உப்புப் போட்டு."

டாக்டர் நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை.

"நிறுத்தினது நான். பானையத் தூக்கித் தொழுவுல வச்சது நான். அத்தை மேல பழியப் போட்டதும் நான்."

"என்ன, கூடுதலாக ஏதோ சொல்கிறீர்களே?" என்றார் டாக்டர்.

"விளக்கம்" என்றேன்.

கொம்பையா திரும்பி, "ஏலே மாடக்கண்ணு, சைக்கிள எடு. ரெண்டு வீட்டுலயும் சொல்லு. ஓடு" என்றார். டாக்டர் உப்பு சர்க்கரைப் பொட்டலங்களைக் கொடுத்தார். மாடக்கண்ணு மடியில் கட்டிக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்தது. அத்தை ஜீப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"முந்தாநாளு. கயத்தாத்துல."

"இங்கனயும் மொதல்ல சொல்லாம விட்டிய. அவரு ஊத்த ஊத்த நீங்க ஊருணி, காலுகழுவன்னு என்னத்தையோ சொன்னிய. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஆமா அத்தை."

அழுவாள், அல்லது ஏசுவாள் என்று நின்றேன்.

"எத்தன செம்பு குடுக்கணுமாம்?"

"பத்து. அதுக்கு மேலயும்."

"பானை நெறையத் தண்ணி கெடந்துச்சு. விடிஞ்சதுலருந்து கேட்டா. நான் ஒரு செம்புதான் குடுத்தேன். அதையும் திருட்டுத்தனமா. பதினோரு மாசமா, அந்த ஒரு செம்ப ஏன் குடுத்தோம்னு அழுதேன். இனிம மிச்சத்த ஏன் குடுக்கலன்னு அழணும். நீங்க ஒண்ணும் பாரத்த எறக்கி வைக்கல மருமவனே. தோள் மாத்தி விட்டிருக்கிய."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதை அவளிடம் நீட்ட முடியவில்லை.

"இங்கன மைக்குல சொல்லிட்டிய. இங்க பாதிப் பேருக்கு என்னையத் தெரியாது. எங்க வாசல்ல வச்சுல்லா அன்னைக்குச் சொன்னிய? அங்கன வந்து சொல்லணும்."

"நாளைக்குக் கருத்தரங்கு அத்தை. கலெக்டர் வாராரு. முடிச்சுட்டு மறுநாள்..."

"கலெக்டருக்குப் பேதியா?"

அண்ணாச்சி ஜீப்பிலிருந்து கை காட்டினார். "ஏறுங்க தம்பி, நேரமாச்சு."

"நான் வரல அண்ணாச்சி. அத்தை கூடப் போறேன்."

"நாளைக்கு யாரு தமிழ்ல சொல்லுவா?"

"நாளைக்கு வாரவங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்."

அவர் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் இறங்கி வந்து மீதமிருந்த பொட்டலங்களை என் கையில் வைத்தார். அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை.

மூன்று மைல். கரிசல் காடு மழையில்லாமல் வெடித்துக் கிடந்தது. அத்தை முன்னால் நடந்தாள். நான் பின்னால். எட்டிப் பிடிக்கலாம் என்று வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள்.

பேதி கண்ட வீடுகளில் முதல் வீட்டுக்குப் போனோம். மாடக்கண்ணு சொல்லியிருந்தான், ஆனால் யாரும் நம்பிக் கொடுக்கவில்லை. ஒரு வயதான ஆள் பாயில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. அவர் மகள் பெருமாயி கதவருகில் நின்று, "குடுத்தா ஏதும் ஆயிராதே?" என்று அத்தையைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். நானே பொட்டலத்தைப் பிரித்துக் கரைத்தேன். அவர் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. அடுத்த வீட்டிலும் கொடுத்தோம். அங்கே அத்தையை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பிறகு அத்தை தன் வாசலுக்குப் போனாள். நான் நிற்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டினாள். தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏட்டி பெருமாயி, வெளிய வா. எல்லாரும் வாங்க. என் மருமவன் ஒரு சேதி சொல்லணுமாம்."

வந்தார்கள். இருபது பேர் இருக்கும். அன்று நின்றவர்களில் பலர் இருந்தார்கள். மேடையில் மூன்று நாள் நின்றவன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன்.

"சத்தமா" என்றாள் அத்தை.

முதலிலிருந்து சொன்னேன்.