வீட்டில் யாருக்காவது

வீட்டின் இளைய மருமகளான சின்னவளை மேசைமேல் இருந்த தலையணையை அணைத்துக் குனிந்தபடி உட்காரவைத்து, முதுகில் ஊசி இறக்கி நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுப்பது இது இரண்டாம் முறை. முதல் முறை எடுத்தபோது நிமோனியாவாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எடுத்த நீர் மறுபடியும் ஊறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. தையல் மெஷின்மேல் தலை சாய்த்துத்தான் கொஞ்ச நாளாகத் தூங்குகிறாள்.

நர்சம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "இருமாதம்மா. என் செருப்பப் பாரு, வார் பிஞ்சு தொங்குது. தைச்சுத் தருவியா?"

"நான் ஜாக்கெட்டுதான்கா தைப்பேன்."

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளிர்மஞ்சள் நீர் குழாய் வழியே இறங்கியது.

முதல் முறை கேட்டதையே மருத்துவர் இப்போதும் கேட்டார். இந்த நீரில் காசநோய்க் கிருமி லேசில் கண்ணில் படாது, சளியிலும் படவில்லை. நீரில் இருக்கிற அணுக்களையும் வேறு சில அளவுகளையும் பார்த்து, வீட்டு விவரத்தையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். "அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன். வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சா?"

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்று கணவன் முந்திக்கொண்டான். சின்னவளும் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்தவரை இல்லைதான்.

பரிசோதனை முடிவு வந்ததும், காசநோயேதான், சிகிச்சையைத் தொடங்கிவிடலாம் என்றார் மருத்துவர். நுரையீரலுக்கு வெளியே உறையில் இருப்பதால் இவளிடமிருந்து மற்றவர்களுக்கு அவ்வளவாகப் பரவாது என்றும் சொன்னார். மாத்திரை கொடுக்கும்போது நர்சம்மா குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லிடறேன், பயந்துராத. இதப் போட்டா சிறுநீர் சிவப்பாப் போகும். மாத்திரையோட நிறம்தான்."

கடவுள் சில உண்மைகளை இப்படித்தான் அன்பானவர்களின் வாயில் வைத்து அனுப்புகிறார்.

போன வருடம் கணவனின் அண்ணன் படுக்கையில் கிடந்தார். குடல் புண் என்றாள் மாமியாரான அத்தை. குளியலறைத் தரையெல்லாம் சிவப்பும் ஆரஞ்சுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். தேய்த்துக் கழுவியவள் சின்னவள்தான். என்ன நிறம் இது என்று கேட்டதற்கு, "உடம்புச் சூடு. போய் வேலையப் பாரு" என்று பதில் வந்தது. அவர் மனைவியான ஓரகத்தி தன் தாயாருக்கு முழங்கால் வலி என்று பிள்ளைகளோடு கிளம்பிப் போனாள். அந்த முழங்கால் மாதக்கணக்கில் வலித்தது. சாப்பாடு கொண்டுபோனது, எச்சில் கிண்ணம் கழுவியது எல்லாம் சின்னவள். அவள் மகன் பெரியப்பா மடியை விட்டு இறங்க மாட்டான். பிறகு ஒருநாள் தரையில் சிவப்பு நின்றுபோயிற்று. ஆனால் காலை இருமல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிக்கட்டில் வைத்துக் கேட்டாள். அவன் மென்று விழுங்கினான். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று அம்மாதான் வாயைக் கட்டிப்போட்டாளாம். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் மாத்திரை டப்பா படக் கூடாது என்று, கொஞ்சம் தேறியதுமே அண்ணனும் மருந்தை நிறுத்திவிட்டாராம்.

"அப்ப அவருக்கு இன்னும் முழுசா சரியாகல?"

"அடுத்த மாசம் கல்யாணம். அதுவரைக்கும் பொறுத்துக்க. நீதான் மாத்திரை போட ஆரம்பிச்சுட்டியே."

"பிள்ளை அவரு மடியிலதானங்க தூங்குறான்."

சின்னவள் மூச்சு வாங்க வாங்க மறுபடியும் மேலே ஏறிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். நர்சம்மா யாரையும் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். "வீட்டுல இருக்கற எல்லாரையும் சோதிக்கறது எங்க வழக்கம்னு நானே ஃபோன் பண்ணிச் சொல்றேன். உன் பேரு வராது" என்றார்.

வீட்டுக்குப் போனபோது நர்சம்மாவின் ஃபோன் முந்தியிருந்தது; அவளுடைய தட்டும் டம்ளரும் குழாயடியில் தனியாகக் கிடந்தன. "பச்சப் பிள்ளை இருக்கற வீடு பாரு" என்றாள் அத்தை. மகன் உள்ளே பெரியப்பாவின் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் குழாயடித் தட்டைத் தாண்டி உள்ளே போய், மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மகனைச் சோதித்தார்கள். நோய் இல்லை, தடுப்பு மருந்து போதும் என்று சொல்லிவிட்டார்கள். மருந்துக்காகப் பெஞ்சில் காத்திருந்தபோது கணவனின் அண்ணன் வந்தார். வாயைத் துண்டால் மூடியிருந்தார். யாரும் கூட்டிவரவில்லை, தானாகவேதான் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் சின்னவளுக்கு மனம் இளகிற்று. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தாள்.

கேட்டார். "அம்மா விசாரிச்சா, உனக்குத் துணையா வந்தேன்னு சொல்லிடும்மா."

பெஞ்சில் காற்று வருகிற ஜன்னலோர இடம் அவளுடையது. மகனைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அந்த இடத்தை அவருக்கு விட்டாள்.