எல்லாத் தெருவிலும் விக்டோரியா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் விக்டோரியா ஒரே நேரத்தில் பதினான்கு தெருக்களில் நடப்பாள். சரவணகுமாரின் பேரிங் கடையில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இது முதன்முதலில் கவனிக்கப்பட்டது. அன்றைக்குக் கடை மொபெட் எஞ்சின் பழுதாகி மெக்கானிக்கிடம் கிடந்தது. ஒரு வார்ப்பட ஆலையில் கன்வேயர் நின்றுவிட்டது, இரண்டு பேரிங் உடனே வேண்டும் என்று போன் வந்தது. விக்டோரியா பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே கிளம்பினாள். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், முப்பத்தைந்து வயது, தம்பி வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். தொழிற்பேட்டையின் மனை எண்கள் எந்த வரிசையிலும் அடங்காதவை. நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் நூற்றுப்பன்னிரண்டு இருக்கும், நாற்பத்தெட்டு ரயில் பாதை ஓரமாக எங்கேயோ இருக்கும். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு கேட்டுகள். முதல் முக்கில் இடது பக்கமா வலது பக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. ஆகவே இரண்டு பக்கமும் போனாள்.

அடுத்த முக்கிலும் அப்படியே. அதில் அவளுக்கு ஆச்சரியமாக எதுவும் இல்லை. என்ன குழம்பு வைப்பது என்று முடிவெடுக்காமலேயே அரிசி களைகிற மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னாள். தவறான கேட்டுகளில் நடந்தது இதுதான். ஒரு தெரு வழியாக இடது காலை முன்வைத்து ஒரு விக்டோரியா வருவாள், இன்னொரு தெரு வழியாக வலது காலை முன்வைத்து இன்னொருத்தி வருவாள், இருவரும் கேட் முன்னால் சந்தித்து, சோப்பு நுரை அடங்குவதுபோல இல்லாமல் போவார்கள். பேரிங்குக்காக ஃபிட்டர் காத்திருந்த கேட்டில் மட்டும் எல்லா விக்டோரியாக்களும் ஒரே காலை முன்வைத்து வந்து, ஒருவர்மேல் ஒருவர் படிந்து, கெட்டியாகி, கையில் பெட்டியும் நெற்றியில் வியர்வையுமாக ஒரு முழு விக்டோரியாவாக நின்றார்கள். ஒரு ஆளுக்கு உரிய வியர்வைதான் இருந்தது. பசியும் அப்படியே. அவள் எப்போதும் ஒரு டப்பா சாப்பாடுதான் கட்டி வந்தாள்.

கணக்கில் கெட்டிக்காரரான சரவணகுமார் இதை ஒரு வாரம் கவனித்து அட்டைப்பெட்டி மூடியில் எழுதி வைத்தார். நூறு கேட் உள்ள இடத்தில் பத்து கேட் தூரம் நடக்கிற நேரம் அவளுக்குப் போதும். இருநூற்று ஐம்பத்தாறு என்றால் பதினாறு. ஆனால் அந்த எண்ணிக்கையில் கட்டாயம் நின்றுவிட வேண்டும். ஒருமுறை பதினாறைத் தாண்டி நடந்துவிட்டாள். சேர்ந்து வந்த விக்டோரியாக்கள் மறுபடி கலைந்துபோய், கடைசியில் ஆயில் சீலோடு பஸ் நிலையத்தில் நின்றாள். இன்னொருமுறை ஒரு பாய்லர் கம்பெனியில் ஃபிட்டரும் சூப்பர்வைசரும் ஆக இரண்டு பேர் காத்திருந்தார்கள். அன்றைக்குப் பதினாறில் நின்றும் பிசகிவிட்டது. காத்திருப்பவர்கள் அதிகமானால் எண்ணிக்கை குறையும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர் என்றால் பதினொன்று. மூடியில் அதையும் சேர்த்து எழுதினார்.

ஒரேயொரு இடைஞ்சல் இருந்தது. வழியில் தெரிந்தவர் யாராவது அவளை உற்றுப் பார்த்து, “இன்னா விக்டோரியாக்கா, எங்க போய்க்கினு கீற?” என்று கேட்டுவிட்டால், மற்ற பதின்மூன்று தெருவிலும் அவள் இல்லாமல் போய், கேட்டவர் முன்னால் மட்டும் ஒருத்தியாக நின்றுவிடுவாள். பிறகு முதலிலிருந்து தொடங்கவேண்டும். தொழிற்பேட்டைக்காரர்கள் நல்லவர்கள். கன்வேயர் நின்றால் தங்கள் ஓவர்டைம் போகும் என்று அறிந்தவர்கள். விக்டோரியா வருகிற சாயல் தெரிந்ததும் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாசுக்குள் பார்ப்பார்கள், லாரி டிரைவர்கள் டயரைப் பார்ப்பார்கள், வாட்ச்மேன்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே எல்லோருக்கும் வேண்டிய ஆள் விக்டோரியாதான். இரண்டு வருஷமாக வழியில் யாரும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் யாரையும் குறை சொல்லவில்லை. சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் சீட்டுக்காரி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாலும் சிரித்துவிடுவாள்.

மூன்றாவது வருஷம் ஆடி மாதம், தொழிற்சாலை முதலாளிகளின் சங்கம் எல்லா முக்கிலும் கேமரா வைத்தது. நாற்பது கேமரா. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஜெகன் என்பவன் வந்தான். கடம்பத்தூர்க்காரன், இரண்டு ரயில் மாறி வருகிறவன், பெண் பார்த்துப் பார்த்து வீட்டில் அலுத்துப்போன முப்பத்தெட்டு வயது. கேமரா வந்த அன்றைக்கே விக்டோரியா முதல் முக்கில் நின்றுவிட்டாள். நின்றாள் என்றால், தூக்கிய கால் தூக்கியபடி. ஒரு வி-பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றாள். விடாமல் பார்க்கப்படுகிற ஒன்று நகராது என்பதை அந்தத் தொழிற்பேட்டை அப்படித்தான் தெரிந்துகொண்டது. கரண்ட் போய்த் திரை அணைந்தபோது கால் தரைக்கு வந்தது. அவள் நேரே கேமரா அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

“சார், இன்னா சார் பண்ணினு இருக்கீங்க? பெல்ட்டு வரலைனு அங்க மிஷினு நின்னு கெடக்குது.”

ஜெகன் எழுந்து நின்றான். “மேடம், நீங்க முதல்ல எல்லா ஸ்க்ரீன்லயும் லேசா, ஆவி மாதிரி தெரிஞ்சீங்க. யாருனு உத்துப் பாத்தேன். ஒரே ஸ்க்ரீனுக்கு வந்துட்டீங்க. அதுக்கப்புறம்...” அவன் காது சிவந்தது. “அதுக்கப்புறம் கண்ணை எடுக்கத் தோணல.”

விக்டோரியா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். இரண்டு வருஷத்தில் அந்தத் தொழிற்பேட்டைக்குள், கடைக்கு வெளியே, அவளை நேராகப் பார்த்துப் பேசிய முதல் ஆள் இவன்தான் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள், போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த மாம்பழ நிறச் சுடிதாரில் வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகு அவன் ஒரேயடியாக உற்றுப் பார்க்காமல் இடையிடையே கண்ணை எடுத்தான். அதனால் அவளால் நகர முடிந்தது, ஆனால் ஒரு தெருவில் ஒருத்தியாக மட்டும். எல்லாரையும்போல வழி கேட்டுக் கேட்டு நடந்தாள். பேரிங்குகள் தாமதமாகப் போயின. சரவணகுமார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கேமராவை நிறுத்தச் சொல்லி சங்கத்துக்கு எழுதலாமா என்று கேட்டார். “இருக்கட்டும் சார், பாத்துக்கலாம்” என்று விக்டோரியா சொன்னாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்பதை அவள் தனக்கே விளக்கிக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜையன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு, கிரேன் ஆபரேட்டர் பூவராகவன் கடைக்குள் ஓடி வந்தான். அவன் மனைவி பச்சையம்மாவுக்கு நிறைமாதம். ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஷெட்டுக்கு அனுப்புகிற துப்புரவு வேலை அவளுக்கு. பூஜை முடிந்து எல்லோரும் பொரிகடலையோடு வீட்டுக்குப் போய்விட, தட்டுகளைக் கழுவி வைக்கப் பின்தங்கியவளுக்கு வலி எடுத்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஒப்பந்தக்காரரின் போன் அணைந்திருந்தது. ஆம்புலன்ஸ் பைபாஸ் திருப்பத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைவது என்று தெரியாமல் நின்றிருந்தது.

“போன்ல இன்னா சொன்னா?” என்றார் சரவணகுமார்.

“நீலக் கேட்டுன்னா சார். வாசல்ல பூசணிக்கா ஒடைச்சிக் கெடக்குதுன்னா. அதோட சார்ஜு போயிடுச்சு.” அவன் அழுதேவிட்டான். அன்றைக்கு இருநூற்று ஐம்பத்தாறு வாசலிலும் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. பாதிக் கேட்டுகள் நீலம்.

விக்டோரியா கேமரா அறைக்கு ஓடினாள். ஜெகன் அங்கே நாற்பது திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“சார், எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. பச்சையம்மாவுக்கு வலி வந்துடுச்சு, எந்த ஷெட்டுனு தெரியல.”

“திரையைத் திருப்பி வச்சிட்டா போதாதா? ஆஃப் பண்ணா மெமோ வருமே.”

“பதிவாகிக்கினு இருந்தா பின்னால யாருனா பாப்பாங்க இல்ல? அதுவும் பாக்குறதுதான்.”

ஜெகன் எழுந்தான். மெயின் சுவிட்சையே இறக்கினான். மின்விசிறி மெதுவாக நின்றது. “நான் கண்ணை மூடிக்கணுமா?” என்று கேட்டான்.

“மூடிக்கோங்க.”

“நெனைக்கலாமா?”

அவள் வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். “நெனைக்கலாம். பாக்கத்தான் கூடாது.”

பூஜைக்காகக் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் சரவணகுமார் பேசினார். “அனைவருக்கும் அன்பான வேண்டுகோள், விக்டோரியா நடக்கப் போகிறார், தயவுசெய்து எல்லோரும் கண்களை மூடிக்கொள்ளவும்.” டீக்கடையில் வடையைக் கையில் பிடித்தபடியே மூடிக்கொண்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஆளுக்கு ஆள் கண்ணைப் பொத்திவிட்டார்கள். ஒரு வாட்ச்மேன் நாயின் கண்ணையும் பொத்தினார். தொழிற்பேட்டை முழுக்க ஒருவரும் பார்க்காத அந்த நேரத்தில் விக்டோரியா நடந்தாள். இரண்டு மாதமாக ஒரே தெருவில் நடந்து பழகிய கால்கள் முதல் முக்கில் சற்றுத் தயங்கின. பிறகு இரண்டாயின, நான்காயின, பதினான்கு தெருக்களிலும் நிரம்பின. உடைந்த பூசணிக்காய்களைத் தாண்டி, பூட்டிய கேட்டுகளைத் தொட்டுத் தொட்டு, தனக்குத் தானே எதிரே வந்து, தன்னையே அழித்துக்கொண்டு, மிச்சமிருந்தவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். எட்டு. ஒன்பது. பத்தில் அவளுக்குச் சுருக்கென்றது. பதினாறு வரை போவதாகத்தான் எண்ணியிருந்தாள். ஆனால் அங்கே காத்திருப்பது ஒருத்தி இல்லை. பச்சையம்மா ஒருத்தி, வயிற்றுக்குள் இருப்பது இன்னொன்று. பதினொன்றில் எல்லா விக்டோரியாக்களும் ஒருசேர நின்றார்கள்.

நின்ற இடம் ரயில் பாதை ஓரம், நீலக் கேட், மனை எண் நாற்பத்தெட்டு. உள்ளே தண்ணீர்க் குழாய் அருகில் பச்சையம்மா சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டியாக்கா?” என்றாள்.

“வந்துட்டேன்டி. ஒத்தையாதான் வந்துகீறேன், கையைப் பிடிச்சிக்கோ.” விக்டோரியா பூவராகவனுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னாள். நான்கு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தை ஆஸ்பத்திரி வரை பொறுக்கவில்லை. பைபாஸ் ஏறுவதற்குள் ஆம்புலன்ஸிலேயே பிறந்துவிட்டது. மூன்று கிலோ, பெண். விக்டோரியா என்று பெயர் வைப்பார்கள் என ஊரே எதிர்பார்த்தது. அவர்கள் தன்விகா என்று வைத்தார்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேமராக்கள் நாற்பது நிமிஷம் அணைந்திருந்ததற்கு ஜெகனுக்கு மெமோ வந்தது. “விக்டோரியா நடந்தார்” என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தான். சங்கம் அதைப் படித்துவிட்டு, சரிதான் என்று கோப்பில் வைத்தது. பிறகு கூட்டம் போட்டு, காலை பத்து முதல் மாலை நான்கு வரை கேமராக்கள் அணைந்திருக்கலாம் என்றும் தீர்மானித்தது. அந்த நேரத்தில் ஜெகனுக்கு வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. வெறும் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்தான். அடுத்த வாரத்தில் ஒருநாள் விக்டோரியா ஒரு பம்பு கம்பெனிக்கு ஆயில் சீல் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சரியாகத்தான் எண்ணினாள். பதினாறில் நின்று பார்த்தபோது எதிரே பம்பு கம்பெனி இல்லை, கேமரா அறைக் கதவு இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பதினொன்றிலேயே நின்று பார்த்தாள். அப்போதும் அதே கதவுதான். ஆயில் சீலைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள்.

“சார், அந்தப் பம்பு கம்பெனிக்காரங்களைவிட நீங்க ரொம்ப காத்துக்கினு இருக்கீங்க. எனக்குப் பேஜாராகீது.”

“நான் பாக்கவே இல்ல மேடம். சத்தியமா.”

“பாக்கலதான். அதான் வந்து சேந்துட்டேன்.” அவள் சிரித்தாள். “இனிமே மேடம் வேணாம். அஞ்சு மணிக்கு மேல காத்துக்கினு இருங்க. பகல்ல வேலையிருக்குது.”

தை மாதம் பொன்னேரி பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. ஜெகனின் அம்மா ஒரு வாரமும் ஆரம்பாக்கத்துப் பாதிரியார் ஒரு வாரமும் யோசித்தார்கள். அப்புறம் இருவருமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததால் விக்டோரியாவால் பிரியாணிப் பந்திக்கு நகர முடியவில்லை. பூவராகவன் குழந்தையைத் தூக்கிக் காட்டி எல்லார் கவனத்தையும் திருப்ப வேண்டியிருந்தது.

இப்போது அவர்கள் கும்மிடிப்பூண்டியிலேயே வீடு எடுத்திருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் அவள் எல்லாத் தெருவிலும் நடக்கிறாள், பேரிங்குகள் நேரத்துக்குப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை டெலிவரி கிடையாது. அன்றைக்குக் காலையில் இருவரும் மீன் மார்க்கெட்டுக்கு நடந்து போகிறார்கள், ஒரே தெருவில். டீக்கடைக்காரர்கள், டிரைவர்கள், வாட்ச்மேன்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பச்சையம்மா என்று எல்லோரும் வழியில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் அவள் முகத்தைப் பார்த்து, “எங்க போய்க்கினு கீற?” என்று கேட்கிறார்கள். அவளும் ஒவ்வொருவரிடமும் நின்று, “மீனு வாங்கத்தான்” என்று சொல்கிறாள். பத்து நிமிஷ வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. போன வாரம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இறால் தீர்ந்துபோயிருந்தது. மடவை மீன் வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே திரும்பினார்கள்.