எல்லாக் கேள்விக்கும் ஆமாம்

நாங்கள் அனுப்பிய கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று நிரப்பி அனுப்பிய மகானைப் பார்க்க நானும் மேனேஜரும் போனோம். தகவல்களைப் பூட்டி வைக்கிறீர்களா? ஆமாம். வேலையை விட்டவர்களின் பாஸ்வேர்டை நீக்குகிறீர்களா? ஆமாம். போன வருடம் உங்களிடமிருந்து தகவல் ஏதும் திருடு போனதா? அதற்கும் ஆமாம். படித்துப் பார்க்கக்கூட வலித்திருக்கிறது அவனுக்கு. அன்றே ஆமாம்சாமி என்று பெயர் வைத்துவிட்டேன்.

எங்களுடையது மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. வாடிக்கையாளர்களின் நோய் விவரங்களை இவனுடைய கால் சென்டரை நம்பி ஒப்படைக்கலாமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மேனேஜர் வரும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டார். எல்லாம் சும்மா சம்பிரதாயமாம், ஒரு காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

கைரேகை வைத்தால் மட்டும் திறக்கும் கதவு. புழுக்கமாக இருக்கிறதென்று தீயணைப்பு சிலிண்டரை முட்டுக்கொடுத்துத் திறந்தே போட்டிருந்தார்கள். காட்டினேன். ஆமாம்சாமி பல்லைக் காட்டினான். நான் குறை கண்டுபிடிக்கவே பிறந்தவள் என்று மேனேஜர் அவனுக்குச் சமாதானம் சொன்னார்.

பிறகு லேப்டாப்பைச் சுவர்த் திரையில் இணைத்து வித்தை காட்ட ஆரம்பித்தான். ஏதாவது ஒரு போன் நம்பர் சொன்னால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளைக் காட்டுவானாம். யாருடைய தகவல் இது என்று கேட்டேன்.

“எங்க இன்னொரு கஸ்டமர், ஒரு மனநல ஆஸ்பத்திரியோடது மேடம். எல்லாம் நிஜ டேட்டா.” அதில் பெருமை வேறு.

நிறுத்தச் சொன்னேன். மேனேஜர் என்னைக் கையமர்த்தினார். தன் நம்பரைக் கொடுத்தால் கண்டவனும் கூப்பிடுவான் என்று உஷாராகத் தன் மனைவியின் நம்பரைச் சொன்னார்.

வந்தது. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியின் பெயர், மாதாமாதம் போய் வந்த தேதிகள், மேலே சிவப்பில் ஒரு வரி: ‘கணவருக்குத் தெரியக்கூடாது.’ மேனேஜர் வெட்கப்படுவார், அல்லது ஆமாம்சாமியின் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவரை அதிகமாக மதித்துவிட்டேன்.

“கீழ டாக்டர் என்ன எழுதியிருக்காருன்னு திறங்க,” என்றார்.

லேப்டாப்பை அறைந்து மூடினேன். ஆமாம்சாமியின் விரல் நடுவில் சிக்கியது. சிக்கட்டும்.

“நான் அவ புருஷன்மா.”

“தெரியும் சார். அதுவும்தான் எழுதியிருக்கு.”

இவனுக்கு நம் வேலை கிடையாது, அறிக்கையில் அப்படித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது அந்தத் திறந்த கதவு வழியாக மேனேஜரின் குரல் கேட்டது. படிங்க, சத்தமாப் படிங்க என்றார். ஆமாம்சாமி படித்தான்.

தெருவில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். மேனேஜர் சொன்ன நம்பர் காதிலேயே இருந்தது. நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய விஷயத்தை யாருக்கும் சொல்லமாட்டோம் என்று சொல்லியிருந்தார்களா என்று மட்டும் கேட்டேன்.

“ஆமாம்மா,” என்றார் அக்கா. “எழுதியே குடுத்தாங்களே.”