பழைய குற்றாலம், அனுமதி இலவசம்

கண்காட்சிக்குப் பெயர் வைத்தது நான்தான். அதனால் யாரையும் திட்ட வழியில்லை. இருந்தாலும் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்த எங்கள் உதவியாளர் சுபாஷைத் திட்டினேன்.

எங்கள் பல்கலைக்கழக நூலகம் குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. அதில் சிறப்புத் தொகுப்புகள் என் பொறுப்பு. ஓலைச்சுவடி, பழைய பத்திரிகை என்று என்னென்னவோ இருந்தும், பார்க்க வருகிறவர்களைவிட மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். இந்த முறை கிடைத்தது நிஜமான புதையல். கடையநல்லூர் முகம்மது யூசுப் சீசன்தோறும் அருவிக்கரையில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர் மகள் ஷமீம் பானு டீச்சர் அவற்றைக் கண்காட்சிக்கு மட்டும் கொடுத்திருந்தார். நிரந்தரமாகக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“லாட்ஜ்காரர் ஒருத்தர் வரவேற்பறைல மாட்டணும்னு கேக்காரு. அங்கன நாலு பேரு பாப்பாங்க. உங்க லைப்ரரிக்கு யாரும்மா வாரா? வாப்பா படத்த இருட்டு ரூம்ல பூட்டி வைக்கதுக்கா குடுக்கது?”

சுருக்கென்றது. பொய் இல்லையே! லாட்ஜில் மாட்டினால் சாரல் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“கூட்டத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றார்.

திறப்பு நாளன்று பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேர் காபியைக் குடித்துவிட்டு நழுவினார்கள். டீச்சர் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் ஆட்டோக்கள். திமுதிமுவென்று ஆட்கள் உள்ளே வந்தார்கள். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வந்தவர்களைச் சரியாகப் பார்த்தேன். ஆண்களில் பாதிப் பேர் உடம்பெல்லாம் எண்ணெய், தோளில் துண்டு. பெண்கள் கையில் மாற்றுத்துணிப் பை.

“அருவி எங்கன இருக்கு?” என்றார் முன்னால் வந்தவர். வீரகேரளம்புதூர்க்காரர், பெயர் பால்வண்ணநாதன்.

அன்று வெள்ளம் என்று எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. பழைய குற்றாலம் என்பது ஓர் அருவியின் பெயர். தென்காசியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. “பழைய குற்றாலம் இன்று திறப்பு, பல்கலைக்கழக நூலகம், அனுமதி இலவசம்” என்று சுபாஷுக்கு மைக்கில் சொல்ல எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“லைப்ரரி வழியா உள்ள விடுதாங்கன்னுல்லா நெனச்சோம்!”

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“வந்தது வந்துட்டீங்க, பாத்துட்டுப் போங்க. எண்ணெய்க் கையால எதையும் தொடக் கூடாது. எல்லாரும் கையப் பின்னால கட்டுங்க!”

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கட்டினார்கள். முணுமுணுத்தபடி நகர்ந்த வரிசை ஒரு படத்தின் முன் நின்றது.

“ஏலே, இங்க வாலே! இவனும் எண்ணெயோட வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கான்!” என்று பால்வண்ணநாதன் கத்தினார்.

“அன்னைக்கும் தண்ணி கூடிப்போய் போலீஸ் விடல” என்றார் டீச்சர், வாசல்வரை போனவர். “படம் எடுத்துட்டு வாப்பாதான் அவருக்குக் குடை புடிச்சாங்களாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அடுத்த படத்துக்கு வந்தார். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. கேள்வி மேல் கேள்வி. எண்ணெய் வாடையில் கூடம் கமகமத்தது.

நடுவில் யாருக்கோ போன் வந்தது. “பழைய குற்றாலத்துல குளிக்க விட்டாச்சாம்!”

போச்சு என்று நினைத்தேன். ஒரு வேன் நிறைந்து கிளம்பியது. இன்னொரு வேனின் டிரைவர் ஹாரன் அடித்தார். பால்வண்ணநாதனின் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டார்.

“ஏங்க, வாங்க. எண்ணெய் காயுது.”

“நீ முன்னால போடி. டீச்சர் சொல்லிக்கிட்டு இருக்காங்கல்லா, பாதில எப்படி வாரது?”

அந்த அம்மாள் வேனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, தானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் பின்னால் வேனில் ஏறியிருந்த சிலரும் இறங்கி வந்தார்கள்.

டீச்சர் கடைசிப் படம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். தொண்டை கட்டியிருந்தது.

“வாப்பா படம் வீட்ல இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு, உமா. நாளைக்கு வண்டி அனுப்புங்க.”