பெண்ணின் அப்பாவுக்கு நான் வைத்த பெயர்

கல்யாணத்துக்குப் பேசப் போன இடத்தில், பெண்ணின் அப்பாவை நான் அரசராக்கிவிட்டேன்.

மாப்பிள்ளை என் அக்கா மகன் ருசோக்கே. எல்லாம் முன்பே பேசி முடித்ததுதான். அன்றைக்கு மிச்சம் இருந்தது சடங்கு மட்டும். வழி தவறி வந்தவர்கள் போல நாங்கள் வாசலில் நிற்க வேண்டும். எங்களை ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்பதுபோல அவர்கள் விசாரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாயாடி, சிரித்து, கடைசியில் வாழைப்பழ பீர் குடுவையைத் திறக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்குப் பேச ஆள் தேவைப்பட்டபோது குடும்பத்தில் விவாதமே நடக்கவில்லை. மற்றவர்கள் பேச என்றைக்காவது நான் இடம் கொடுத்திருந்தால்தானே வேறு யார் நன்றாகப் பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் டோரோ நாட்டில் வணக்கம் மட்டும் சொன்னால் அது பாதி வணக்கம். மீதி, எதிரில் இருப்பவருடைய எம்பாக்கோ. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரை மனுஷனாக மதித்ததாக அர்த்தம். பிறந்தபோது வைத்த பேர் வேறு, இது வேறு. நாடு முழுக்க ஒரு டஜன் செல்லப்பெயர்களைத்தான் நாங்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் அபூலி. அக்கா அப்வோலி. அவள் மகன் அராலி. பெண்ணின் அப்பா பெரியவர் ஞாக்கானா, அகீகி. அந்த டஜனில் ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் தொடுவதில்லை. அது அரசருக்கு உரியது, அவர் ஒருவருக்கு மட்டும்.

நானோ அன்று நல்ல வேகத்தில் இருந்தேன். மூன்று நகைச்சுவை விட்டேன், மூன்றுக்கும் பந்தல் குலுங்கியது. நாலாவதுக்கு ஆசைப்பட்டேன். பெரியவர் முன்னால் குனிந்து, எல்லாரும் இவரை அகீகி என்கிறார்கள், ஆனால் இப்படி ஒரு பெண்ணைப் பெற்றவரை நான் எப்படி அழைப்பது தெரியுமா என்று கேட்டு, அந்த ஒரு பெயரைச் சொல்லி வணங்கினேன். அதை இங்கே எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை.

பந்தலில் இருந்த கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியவரின் தலைக்குப் பின்னால் சுவரில் அரசரின் படம், கண்ணாடி போட்டு, மாலை போட்டு. பெரியவரின் வம்சத்துக்கு அரண்மனையில் பரம்பரைக் கடமை ஒன்று உண்டு என்று யாரோ எனக்கு முன்பே சொல்லித்தான் இருந்தார்கள். பெரியவர் மெல்ல எழுந்தார். "கேட்டுக்கிட்டோம். இன்னொரு நாள் பார்ப்போம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

திறக்காத குடுவைகளோடு திரும்பினோம். கொண்டுபோன ஆடு பிக்கப்பின் பின்னால் நின்று வழி நெடுகக் கத்தியது. அக்கா அதையும் மிஞ்சினாள். சின்ன வயசில் நான் விழுங்கிய நாணயத்தை எடுக்காமலே விட்டிருக்க வேண்டும், தொண்டையாவது அடைத்துக்கொண்டிருக்கும் என்றாள். அது பரவாயில்லை. ருசோக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இலை நிறுக்கும் வேலை அவனுக்கு. இந்தக் கல்யாணத்துக்காக மண் சுவர் வீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டியிருந்தான். வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோட்டம் போட்டு, கல்யாணப் பெண் கோபுசிங்கே வந்து வெட்டும் முதல் தார் எதுவாக இருக்கும் என்பது வரைக்கும் என்னிடம் காட்டியிருந்தான். இறங்கும்போது மட்டும், "பரவாயில்ல மாமா" என்றான். அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. என் பிழைப்பு பால் சேகரிப்பது. கசெண்டா ஏரிகளைச் சுற்றி மேட்டு வீடுகளில் பால் வாங்கி, மோட்டார் சைக்கிளில் கேன் கட்டி, ஃபோர்ட் போர்ட்டல் நகரத்துக்குக் கொண்டுபோய் விற்கிறேன். பெரியவர் ஞாக்கானாவின் பசுக்கள் எனக்குப் பால் கொடுப்பவை. அதாவது மறுநாள் காலையே நான் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்.

போய் நின்றேன். அவர் சண்டை போடுவார், நான் காலில் விழலாம் என்று வழியெல்லாம் பயிற்சி செய்துகொண்டு போயிருந்தேன். அவர் என்றைக்கும் போல வந்து பாலை ஊற்றினார். "அளவு சரியா இருக்கான்னு பாத்துக்குங்க, ஐயா" என்றார். ஐயா. இத்தனை வருஷமாக அபூலி, அபூலி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். பொது ஆபீசில் வரிசையில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல ஓர் ஐயா. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வந்தவர்களுக்கு மெல்லக் கொடுக்கும் காப்பிக் கொட்டையை அவர் சின்னக் கூடையில் நீட்டினார். மென்றுகொண்டே மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சிரமம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வருஷம் மழை பரவாயில்லை என்றார். ருசோக்கே விஷயம் என்றேன். பார்ப்போம் என்றார்.

அதற்கப்புறம் நான் செய்யாத முயற்சி இல்லை. அபராதமாக ஒரு பெரிய குடுவை பீர் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அன்று கத்திக்கொண்டே திரும்பிய ஆட்டையும் ஓட்டிக்கொண்டுபோனேன். தன் ஆடுகளோடு கட்டி, நல்ல ஆடு என்றார். ஆட்டுக்காவது ஒரு முடிவு தெரிந்தது. பெரியவரின் மனைவியிடம் போய்க் கெஞ்சினேன். அந்த அம்மா கேழ்வரகுக் களியும், தோல் உரித்த பீன்ஸை நெய் விட்டு மசித்ததும் வைத்து, சாப்பிட்டுப் போகச் சொன்னாள். மிக நன்றாக இருந்தது. என் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த வீட்டில் இருகை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பால் வாங்குகிறவர்கள் எல்லாரும் என்னிடம், இன்றைக்கு யாருக்கு முடிசூட்டப் போகிறாய் என்று கேட்டார்கள். சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிற பெண், தன் கணவனுக்கு ஒரு மந்திரி பதவியாவது பார்த்துத் தரச் சொன்னாள். நானும் சிரித்தேன். ஊரையே கேலி செய்து பிழைத்தவன், தன் முறை வந்தால் முகத்தைத் தூக்கிக்கொள்ள முடியாது. ஆனால் சாயங்காலங்களில் ருசோக்கே வீட்டுக்கு வருவான். கேட்க மாட்டான். வாசலில் உட்கார்ந்து என் கேன்களைக் கழுவித் தருவான். பிறகு, போகும்போது, அவங்க ஏதாவது சொன்னாங்களா என்பதைப் பார்வையால் கேட்பான். நான் பார்ப்போம் என்பேன். அந்த வார்த்தை என் வாயிலும் நன்றாகப் பழகிவிட்டது.

பிறகு ஒருநாள் வழியில் டயர் பஞ்சர். காலையில் போக வேண்டியவன் மத்தியானம் கடந்து போய்ச் சேர்ந்தேன். வண்டியைச் சரிவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்ததால் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். பெரியவர் ஞாக்கானா தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்திருந்தார். என் குரலில், என் இழுவையோடு, என் குனிவோடு, அன்றைய பேச்சை வரி விடாமல் நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார். மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஒரு கலைஞனாகச் சொல்கிறேன், என்னைவிட நன்றாகவே செய்தார்.

என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினார். முகத்தைத் துக்க வீட்டு முகமாக மாற்றிக்கொண்டார். "வாங்க, ஐயா" என்றார்.

கோபமே இல்லாத மனுஷன் இத்தனை நாளாக ஏன் கோபத்தைப் பால்குடம் மாதிரி சிந்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறார்? ஒருவேளை ருசோக்கேவைப் பிடிக்கவில்லையோ? வேறு வரன் வந்ததோ? நான் கேலியை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"அகீகி, உங்களுக்கு எம்மேல கோபமா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. பையன் காத்துக்கிட்டிருக்கான்."

அவர் ருவென்சோரி மலைப் பக்கம் பார்த்தார். மேகம் இறங்குகிறது என்றார். நான் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். மேகத்தைப் பற்றிச் சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "அடேனி பின்னால இருக்கா. பால அவகிட்டயே வாங்கிக்குங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அடேனி என்பது கோபுசிங்கேயின் எம்பாக்கோ. கொல்லையில், பால் மணக்கட்டும் என்று, குடுவைக்குப் புல்லைக் கொளுத்திப் புகை காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மண்டியிட்டு, வரிசை தப்பாமல் வணக்கம் சொன்னாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, அக்கா எப்படி இருக்காங்க, அபூலி என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, உன் அப்பா கோபத்தை நடிக்கிறார், யாருக்காக என்று கேட்டேன்.

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். அதன் வாயிலிருந்து புகை கசிந்துகொண்டே இருந்தது.

"எனக்காக" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள், நடுநடுவே நிறுத்தி. நாங்கள் வந்த அன்று காலையில்தான் அவள் அப்பாவிடம் வாயைத் திறந்தாளாம். பந்தல் போட்டாகிவிட்டது, களி கிளறியாகிவிட்டது, ஆட்கள் பாதி வழி வந்துவிட்டார்கள். பெண்ணுக்கு விருப்பமில்லை என்று வாசலில் நின்று சொன்னால் மாப்பிள்ளையின் தலை எத்தனை வருஷம் நிமிராது என்று அப்பாவுக்குத் தெரியும். எப்படி நிறுத்துவது என்று தெரியாமலேதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அப்ப நீங்க வாயத் திறந்தீங்க" என்றாள். "அப்பா உள்ள வந்து சுவத்துல சாஞ்சு நின்னாரு. கடவுளே அந்த ஆளு நாக்குல வந்து ஒக்காந்தாருன்னு சொன்னாரு. உங்க தப்புன்னே இருந்துட்டா, ருசோக்கேவ யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல."

கவிழ்த்து வைத்திருந்த கேனில் உட்கார்ந்தேன். என் மேல் தப்பில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று வாசல் வாசலாக ஏறி இறங்கியவன் நான். இப்போது சொல்லிவிட்டார்கள். இதை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டலாம், சந்தையில் தலை நிமிர்ந்து நடக்கலாம். அப்படிச் செய்தால் ருசோக்கே தலை குனிவான். நான் வாயை மூடிக்கொண்டு முட்டாளாகவே இருந்துவிட்டால் அவன் தலை நிமிர்ந்திருக்கும், ஆனால் காத்துக்கொண்டே இருப்பான். பெரியவரின் கோபம் என்றைக்காவது தணியும் என்று நம்பி, சாயங்காலம் சாயங்காலமாக வந்து என் கேன்களைக் கழுவுவான். பெரியவர் சாமர்த்தியசாலிதான். ஆனால் இந்த ஓரத்தை அவர் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய இடத்தில் இருந்தவனும் நான்தான் போல.

அப்படியானால் முதலில் ஏன் சம்மதித்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"நான் சம்மதிக்கல. பார்ப்போம்னு சொன்னேன். அப்பா கேட்டப்ப, உங்க அக்கா வந்து கேட்டப்ப, ஏன் ருசோக்கே கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். வேற எப்படிச் சொல்றது? யாராச்சும் முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்றதக் கேட்டிருக்கீங்களா, நம்ம ஊருல?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. வேண்டாம் என்பதைச் சிரிப்பாலும், சாப்பாட்டாலும், மழையாலும் சுற்றிக் கட்டிக் கையில் கொடுக்கத்தான் எங்களுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டவன் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும். ருசோக்கே பிரிக்கவே இல்லை. நேராகச் செங்கல் வாங்கப் போய்விட்டான்.

முன்பக்கத்தில் பெரியவர் இருமினார். எங்கள் பேச்சு காதில் விழவில்லை என்று தெரிவிக்கிற இருமல்.

"எனக்கு மழை வேண்டாம், களி வேண்டாம், பார்ப்போமும் வேண்டாம்" என்றேன். "ஒரு வருஷம் போனா மனசு மாறும்னா சொல்லு, அவன ஒக்கார வைக்கிறேன். பழி எம்மேலயே இருக்கட்டும், சுமந்துக்கிறேன், எனக்குப் பழக்கந்தான். அவன் காத்திருக்கலாமா?"

இத்தனை நேரமும் மரியாதைக்காக மண்டியிட்டே பேசிக்கொண்டிருந்தவள், பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். என் கண்ணைப் பார்த்தாள்.

"வேண்டாம். அவரு நல்லவரு. எனக்கு அவர்மேல ஆசையில்ல, இனிமேயும் வராது. காத்திருக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."