முன்சீட்டில் டிரெய்லர் பேட்டரி

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. என் காரின் பேட்டரி செத்துப்போய், திருவொற்றியூரில் ஒரு பேட்டரிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பழசைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆம்பியரில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், அதே டிரேயில் உட்காரும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொல்ல, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒருவர், காட்டிய பேட்டரியை எல்லாம் முற்றின வெண்டைக்காயை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டு, “இத்தவிட பெருசு இன்னா கீது?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. என் பேட்டரியை மாட்டிக்கொண்டு காலடிப்பேட்டைக்கு வந்துவிட்டேன். கேள்வியும் கூடவே வந்துவிட்டது. ஒரு மனிதனுக்கு எதற்கய்யா அவ்வளவு பெரிய பேட்டரி? இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

2.

தொடக்கம் ஒன்று: எண்ணூர் விரைவுச்சாலையின் மேல் அந்தி மெல்லக் கவிந்துகொண்டிருக்க, கன்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசை ஒரு

(வேண்டாம். அந்தச் சாலையில் கவிவது அந்தி இல்லை, தூசி.)

தொடக்கம் இரண்டு: மின்கலம் என்பது உண்மையில் மனித உறவுகளின்

(சீச்சீ.)

தொடக்கம் மூன்று: தேவப்பிரியம் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். தேவப்பிரியத்தின் வீடு ராயபுரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மனைவி ரெஜினா. கிரேன் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காது இருக்கிறது, ஆனால் கிட்டே வந்து பேச வேண்டும்.

மாதா திருவிழா அன்று அவர்கள் தெருவில் ஒரு சின்னச் சப்பரம் சுற்றும். சப்பரத்துக்கு முன்னால் தேவப்பிரியத்தின் கார் ஆமை வேகத்தில் ஊரும். ஜெபம் சொல்லும் ஒலிபெருக்கிக்கும் சப்பரத்தின் சீரியல் செட் விளக்குகளுக்கும் கரண்ட் அந்தக் காரின் பேட்டரியிலிருந்துதான். ஜெனரேட்டர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் ஜெபம் கேட்காது என்பது அந்தத் தெருவின் கொள்கை. பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் வைக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

போன வருஷம் சரியாகப் பக்கத்துத் தெரு முனையில் பேட்டரி இறங்கிவிட்டது. ஒலிபெருக்கி ‘அருள் நிறைந்த மரி’ என்றதோடு நின்றுபோனது. மாதா இருட்டில் நின்றார். அந்தத் தெருக்காரன் ஒருவன் ரொம்ப மரியாதையாக, டார்ச் லைட் வேண்டுமா நைனா என்று கேட்டான். அன்றையிலிருந்து தேவப்பிரியம் அந்த முனை வழியாகப் போவதில்லை. மீன் வாங்கக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். இந்த வருஷம் திருவிழா திங்கட்கிழமை. அதற்குள் ஊரிலேயே பெரிய பேட்டரி வேண்டும்.

பார்த்தீர்களா, காரணம் கிடைத்துவிட்டது. நான் நல்ல எழுத்தாளன்தான்.

3.

ஜஹாங்கீரைக் கொண்டுவரும்போது எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஜஹாங்கீர் டிரெய்லர் லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவர். அவர் பார்வையில் கார் என்பது இன்னும் வளராத டிரெய்லர். அவரைத் தவிர வேறு எந்த எலக்ட்ரீஷியனும் இந்த வேலைக்குச் சம்மதிக்க மாட்டான் என்பதால் வைத்துக்கொண்டேன்.

கடையில் கிடைத்தது எதுவும் போதாமல் தேவப்பிரியம் அவரிடம் போனார். ஜஹாங்கீர் ஒரு டிரெய்லர் பேட்டரியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து வைத்தார். டிரெய்லரில் இப்படி இரண்டைச் சேர்த்து மாட்டுவார்களாம், இது ஒன்றுதான், உன் காருக்கும் பன்னிரண்டு வோல்ட், இதுக்கும் பன்னிரண்டு வோல்ட், தம் மட்டும் ஜாஸ்தி என்று விளக்கினார். தேவப்பிரியம் அதைத் தடவிப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று ரெஜினா பிறகு என்னிடம் சொன்னாள்.

பானெட்டுக்குள் அது நுழையவில்லை. டிரேயைக் கழற்றியும் நுழையவில்லை. டிக்கியில் வைக்கலாமே என்று நான் எழுதிப் பார்த்தேன். ஜஹாங்கீர் அந்த வரியை ஏற்கவில்லை.

“டிக்கில வண்டி ஓடற கேஸ் சிலிண்டர் கீது நைனா. அதும் பக்கத்துல இத்த வெச்சு ஒரு பொறி பட்டுச்சுன்னா, சப்பரம் கெளம்பறதுக்கு முன்னாடி நாம மாதாவாண்ட போய்ச் சேந்துருவோம்.”

அப்படியானால் பின்சீட்? கேபிள் நீளமானால் கரண்ட் வழியிலேயே சோர்ந்துவிடும் என்றார். மிஞ்சியது முன்சீட். பலகை போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பை வைத்து, டப்புக்குள் பேட்டரியை உட்காரவைத்து, காலடியில் ஓட்டை போட்டு கேபிளை இன்ஜினுக்குக் கொண்டுபோனார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி சிங்கம்போல எழுந்தது. கூடவே கீ கீ கீ என்று ஒரு சத்தம். முன்சீட்டில் ஓர் ஆள் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாகக் கார் நம்பியது. ஜஹாங்கீர் பேட்டரிக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார். சத்தம் அடங்கியது.

[தண்டையார்பேட்டையில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்து உள்ளே எட்டிப் பார்த்தார். பெல்ட் போடாமல் இருந்தது தேவப்பிரியம்தான். பேட்டரியை அவர் ஒன்றும் சொல்லவில்லை.]

4.

அந்தக் காரில் இடதுபக்க ஸ்பிரிங் ஏற்கெனவே தொய்ந்தது. பேட்டரி ஏறியதும் இன்னும் இறங்கிவிட்டது. தேவப்பிரியம் டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் தரையிலிருந்து அளந்தார். கிரேன்காரருக்கு இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான்: ஒரு பக்கம் சுமை தொங்கினால் மறுபக்கம் எதிர்ச்சுமை வை. சுற்றிலும் பார்த்தார். வாசலில் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள்.

“எம் பின்னால குந்து. அந்தாண்ட இந்தாண்ட நவுராத.”

ரெஜினா அவர் சீட்டுக்குப் பின்னால், வலது ஓரம், கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவர் குனிந்து மறுபடி அளந்தார். சமம். திருப்தியாகத் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து ரெஜினா உட்கார்ந்துவந்த முன்சீட்டில் பேட்டரி பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

[இயந்திரவியல் படித்த வாசகர் இங்கே கையைத் தூக்குவது தெரிகிறது. ஸ்பிரிங்கை மாற்றினால் முடிந்தது என்கிறீர்கள். சரிதான். போய் தேவப்பிரியத்திடம் சொல்லுங்கள். இடது பக்கமாக நின்று சொல்லுங்கள்.]

5.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கதை சிரிப்பாக நன்றாகவே போகிறது என்று நினைப்பு. திரும்பி வந்தால் மேஜைக்கு எதிரில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள்.

என்னை எதற்குப் பின்னால் தள்ளினாய் என்று கேட்டாள். நான் தள்ளவில்லை, உன் வீட்டுக்காரர்தான் என்றேன். எழுதியது யார் என்று கேட்டாள். மேஜைமேல் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். மார்பில் ஒரு கட்டி. யாருக்கும் சொல்லாமல் தனியாகவே போய் ஸ்கேன் எடுத்து, கட்டியில் ஊசி குத்தி டெஸ்டும் எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் ரிசல்ட். டாக்டரம்மா, தனியாக வராதே, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

வீட்டில் சொல்லக் கூடாதா என்றேன்.

“அவருக்கு கேக்கற மாதிரி வூட்ல சொன்னா, தெருவுக்கே கேக்கும் நைனா. எங்க மாமியாரு, நாத்தனாரு, செவுத்துக்கு அந்தாண்ட இருக்கறவங்க எல்லாரும் ஒண்ணா அழ ஆரம்பிச்சுருவாங்க. நான் எங்க போய் அழறது?”

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. காரில் அவள் உட்கார்ந்தது அவர் இடப்பக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் சாதாரணக் குரலில் பேசலாம், அவருக்குக் கேட்கும். இத்தனை வருஷமாக அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டதெல்லாம் அந்த முன்சீட்டில்தான். அங்கே இப்போது ஒரு டிரெய்லர் பேட்டரி.

வாட்ஸ்அப்பில் அனுப்பு என்றேன். முறைத்தாள். மாதாவின் அற்புதத்தால் தேவப்பிரியத்தின் வலது காது திறந்தது என்று ஒரு வரி எழுதிவிடவா என்றேன். மாதாவை இதில் இழுக்காதே என்றாள். போகும்போது கதவருகே நின்று, திங்கட்கிழமை அவர் விடியற்காலையிலேயே லைட் கட்டப் போய்விடுவார், அதற்குள் சொல்லியாக வேண்டும் என்றாள். பேட்டரியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை எழுத உட்கார்ந்தவன் நான்.

6.

சனிக்கிழமை. வெள்ளோட்டம் பார்க்க வேண்டும் என்று தேவப்பிரியம் கிளம்பினார். எதிர்ச்சுமை இல்லாமல் வண்டி எடுக்க முடியாது என்பதால் ரெஜினாவும் கூட. எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள்.

ரெஜினா பின்னாலிருந்து, இன்னாங்க, என்றாள். அவர், வண்டி எப்படிப் போகுது பாத்தியா, என்றார். ரெஜினா அவர் தோளைத் தொட்டாள். அவர், சரி சரி, மெதுவாத்தான் போறேன், என்றார். ரெஜினா முழு விஷயத்தையும் அவர் பிடரியைப் பார்த்துச் சொன்னாள். கட்டி, ஊசி, டாக்டரம்மா, திங்கள் எல்லாவற்றையும். அவர் சீரியல் செட்டில் இந்த வருஷம் நீலம் அதிகமாகப் போடலாம் என்றார்.

அவள் கண்ணில்

(இல்லை, அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.)

ரெஜினா கதவோரத்திலிருந்து நகர்ந்து, நகர்ந்து, இடது ஓரத்துக்குப் போய்த் தன் முழு எடையோடும் உட்கார்ந்தாள்.

இடது டயர் மட்கார்டில் உரசியது. அது அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் ஸ்டியரிங் கையில் இடப்பக்கம் இழுத்தது. சுமை நகர்ந்தால் கிரேன்காரருக்குக் கை சொல்லும். அந்த இடத்திலேயே பிரேக் போட்டார். பின்னால் வந்த டிரெய்லர் மூச்சு முட்டி நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று, பிறகு மணலிக்குப் போகும் டேங்கர் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஹார்ன் அடித்தன.

தேவப்பிரியம் பேட்டரிக்கு மேலாக எக்கி, உடம்பை முழுசாகத் திருப்பினார். இடது காது ரெஜினா பக்கம் வந்தது.

“உன்ன நவுராதன்னேனே. இன்னா ஆச்சு?”

“திங்கக்கெழம காலைல எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. மார்ல கட்டி. ஒண்டியா வராத, வூட்டுக்காரர இட்டுகினு வான்னு சொல்லிட்டாங்க. எனக்கு பயமா கீதுங்க.”

கேட்டது. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

7.

அவர் என்ன சொன்னார்?

முடிவு அ: “சப்பரம் கெடக்குது, வா போலாம்” என்றார். (இதை எழுதிவிட்டு எனக்கே கை தட்டத் தோன்றியது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: “காலைல ஆஸ்பத்திரி, சாய்ங்காலம் சப்பரம், ரெண்டும் பாத்துக்கலாம்” என்றார். (நியாயமான பதில். அவர் நியாயமான ஆளாக இருந்திருந்தால் பேட்டரி பானெட்டுக்குள் இருந்திருக்கும்.)

முடிவு இ: அவர் ஒன்றுமே சொல்லாமல் வண்டியை (இதை நினைக்கவே பிடிக்கவில்லை.)

உண்மையில், அதாவது நான் எழுத எழுத, நடந்தது இது. தேவப்பிரியம் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். பின்னால் கத்திக்கொண்டிருந்த டிரைவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டை அவிழ்த்து, கேபிளைக் கழற்றினார். பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சில் சாய்த்து, கேபிள் எட்டாத பின்சீட்டில் கொண்டுபோய் வைத்தார். டப்பையும் பலகையையும் எடுத்துவிட்டு, முன்சீட்டைத் தன் சட்டை முனையால் துடைத்தார். ரெஜினா இறங்கி வந்து அங்கே உட்கார்ந்தாள். அவரும் ஏறினார். கண்ணாடிகளை அவர்கள் ஏற்கெனவே ஏற்றித்தான் வைத்திருந்தார்கள்.

அவள் இருக்கும்போது வண்டி ஓடாது. வண்டி ஓட வேண்டுமென்றால் அவள் அங்கே இருக்க முடியாது. இப்படி ஒரு வண்டியை வடசென்னையில் இரண்டு பேர் சேர்ந்து செய்து முடித்திருக்கிறார்கள், மூன்றாவதாக நானும். செத்த காருக்குள் தேவப்பிரியம் இடது காதைச் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

பின்னால் ஹார்ன் நிற்கவில்லை. டேங்கர் டிரைவர் இறங்கி வந்துவிட்டார், கையில் ஜாக்கி ராடு. வேறு வழியில்லாமல் நான் கதைக்குள் இறங்கி, டிக்கியில் கையை வைத்துத் தள்ளினேன். உள்ளே சிலிண்டர், பின்சீட்டில் டிரெய்லர் பேட்டரி, முன்னால் இரண்டு பேர். தனி ஆளுக்கு நகரவில்லை.

இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தீர்களே, வாருங்கள், நீங்கள் அந்த மூலையைப் பிடியுங்கள். ஓரம் கட்டும்வரை அவர்கள் பேசட்டும். என்ன பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், இந்த ஹார்ன் சத்தத்தில் எனக்கும் கேட்கவில்லை. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலை தெரிகிறது. ஒன்று மற்றொன்றின் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனால் அது காது கேட்பதற்காகவும் இருக்கலாம். எட்டிப் பார்க்காதீர்கள். குனிந்து தள்ளுங்கள்.